மாப்பிள்ளையின் க்யூவுக்கு ஒரு கைப்பிடி

என் தங்கை என் பட்டறைக்கு வருகிறவள் அல்ல. பில்லியர்ட்ஸ் ஹால் என்றாலே முகத்தைச் சுளிப்பாள். அதிலும் க்யூ, அதாவது பந்தடிக்கிற கோல், செப்பனிடுகிற என் பட்டறை ஹாலின் பின்பக்கம், கழிவறைக்கும் குளிர்பானப் பெட்டிக்கும் நடுவில், எந்நேரமும் பசை வாடையோடு இருக்கும். அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தன் வீட்டுக்காரரின் க்யூ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்ன பாப்பா, வழி தவறி வந்துட்டியா?" என்றேன். முப்பத்தாறு வயதுக்காரியை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

"அவருக்கு அடுத்த வாரம் பொறந்த நாள்ண்ணா. க்யூவுக்குப் புதுக் கைப்பிடி போட்டுக் குடுக்கலாம்னு பார்த்தேன். அவருக்குத் தெரிய வேண்டாம். இன்னிக்கு எதுன்னு மட்டும் முடிவு பண்ணிடலாம். சாயங்காலம் அவர் இங்க கிளம்பறதுக்குள்ள பை வீட்ல இருக்கணும்."

இங்க என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் மேசையில் கிடந்த மரத்தூளை ஊதினேன்.

ஏனென்றால் மாப்பிள்ளை இங்கே வருவதில்லை. செவ்வாயும் சனியும் சாயங்காலம் க்யூ பையோடு வீட்டிலிருந்து கிளம்புவார். இந்த ஹாலுக்கு வந்து சேர மாட்டார். ஒன்றரை வருஷமாக இப்படித்தான். தங்கை போன் செய்தால், "இங்கதான்மா ஆடிட்டிருக்கார்" என்று சொல்கிற உத்தியோகம் என்னுடையது. முதல் தடவை அவர் கேட்டபோது, "ஆபீஸ்ல தலைவலி மச்சான், ரெண்டு மணி நேரம் எங்கேயாவது தனியா சுத்தணும் போல இருக்கு" என்றார். சரி, மனுஷனுக்கு மூச்சு விட ஒரு இடம் வேண்டாமா என்று தலையாட்டினேன். மூன்றாவது மாதம் மழையில் ஒரு மருந்துக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெண். அவள் கைப்பை அவர் தோளில் தொங்கியது. அவள் குடையை அவர்தான் பிடித்திருந்தார், தான் நனைந்துகொண்டு. என் தங்கைக்கு அவர் குடை பிடித்து நான் பார்த்ததில்லை.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தங்கை போன் செய்தாள். "இங்கதான்மா," என்றேன். அன்றைக்குத்தான் நான் கூட்டாளி ஆனேன்.

எதற்காக என்று கேட்பீர்கள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் நான். மாப்பிள்ளை இந்த ஹாலில் ஆடிய ஆள். க்யூவை நசுக்காமல், விரல் நுனியில் மெல்லத் தாங்கிப் பிடிப்பார். ஆட்டம் முடிந்ததும் பந்தையெல்லாம் தானே பொறுக்கி அடுக்கிவைத்துவிட்டுப் போவார். க்யூவை இப்படிப் பிடிக்கிறவன் பெண்டாட்டியை எப்படித் தாங்குவான் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு அரை மனசு. "நான் பொறுப்பும்மா," என்று மார்தட்டி முடித்துவைத்தேன். இப்போது இது உடைந்தால் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பதினோரு வருஷக் குடும்பம், ஒரு குழந்தை என்று வாய் நிறையக் காரணம் சொல்லலாம். உண்மை, நான் என் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடலாமா என்று அன்றைக்கும் தோன்றியது. ஹாலில் ஆள் இல்லை. எட்டு மேசைக்கும் துணி மூடிக் கிடந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் அவள் பையைத் திறந்து க்யூவின் பின்பாதியை வெளியே எடுத்துவிட்டாள். நானும் வேலைக்காரனாகிவிட்டேன்.

"கைப்பிடின்னா மூணு நாலு வகைதான் பாப்பா. தோல் இருக்கு, ரப்பர் இருக்கு, லினன் நூல் இருக்கு. ஒண்ணுமே சுத்தாம வெறும் மரமா விடறவங்களும் உண்டு." இழுப்பறையைத் திறந்து எல்லாவற்றையும் அவள் முன்னால் பரப்பினேன். கறுப்புத் தோல், பழுப்புத் தோல், பல்லி முதுகு மாதிரி புள்ளி வைத்த தோல், நூல்கண்டுகள். வாய் ஓயாமல் பேசினேன். தோல் கையோடு ஒட்டும், ரப்பர் பிடிமானம் தரும் ஆனால் அழகு போதாது, நூல்தான் ராஜா. கல்யாணத் தரகர் தோற்றார்.

அவள் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நீவிப் பார்த்தாள். சட்டை தைக்கிற கம்பெனியில் பதினாறு வருஷமாகக் காலரும் கைப்பட்டையும் தைக்கிறவள். துணியையோ நூலையோ அவள் தொடும்போது குறுக்கே பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பேசினேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கை வராமல் கைப்பிடி சுற்ற மாட்டேன். பரிசு கொடுக்கிறேன் என்று வருகிறவர்களையும், ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிடுவேன். வந்தவர் கையில் மாவு தடவி, க்யூவைப் பிடிக்கச் சொல்லி, எந்த விரல் அழுத்துகிறது என்று பார்ப்பேன். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. அதில்தான் எல்லாம் அடக்கம். இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் கேட்பேன். அன்றைக்கும் வாய் முந்திக்கொண்டது.

"கை வேர்க்குமா?"

தங்கை நூலிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"என்னைக் கேக்கறியே? வாரத்துல ரெண்டு நாள் உன் கண்ணு முன்னாடி ஆடறாரு. வேர்க்குதான்னு நீதானேண்ணா சொல்லணும்?"

அசடு வழிந்தேன். "ஆமா ஆமா, பழக்க தோஷம். வர்றவங்க எல்லாரையும் கேட்டுக் கேட்டு..."

"சரி, சொல்லு. வேர்க்குமா?"

அந்த இடத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரியலம்மா, அவர் இங்க ஆடி ஒன்றரை வருஷம் ஆச்சு என்று சொன்னால் போதும். அதற்குப் பதில் நான் சொன்னது:

"வேர்க்கும். நல்லாவே வேர்க்கும். அதான் ஆட்டத்துக்கு நடுவுல அப்பப்போ துண்டால தொடைச்சுக்குவாரு."

துண்டை ஏன் சேர்த்தேன் என்று கேட்காதீர்கள். பொய் சொல்கிறவனுக்கு ஒரு பொய் போதாது. போனில் சொல்லும்போதும் அப்படித்தான், வெறும் "இங்கதான்" என்று நிறுத்த மாட்டேன். போனை மேசைப் பக்கம் நீட்டி, யாரோ அடிக்கிற பந்து மோதும் சத்தத்தைக் கேட்க விடுவேன். குழந்தை மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்ட அன்றைக்கும் நீட்டினேன். "அவர் போன் எடுக்கலண்ணா, கொஞ்சம் குடேன்," என்று அழுதாள். "முக்கியமான ஆட்டம்மா, முடிஞ்சதும் அனுப்பறேன்," என்றேன். பிறகு எங்கெங்கோ போன் போட்டு அவரைப் பிடித்து அனுப்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் ஆஸ்பத்திரியில் தனியாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நானாவது போயிருக்கலாம். போனால், அவர் எங்கே என்று என்னைத்தானே கேட்பாள்? அதனால் போகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

தங்கை க்யூவை என் பக்கம் திருப்பி வைத்தாள். "வேர்க்கிற கைக்கு எது நல்லது?"

"நூல்தான். வேர்வையை இழுத்துக்கும்."

"இதுவும் நூல்தானே?"

"நூல்தான்."

"நீ சுத்தினது."

நான் சுற்றியதுதான். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, அவர் கடைசியாக ஒழுங்காக ஆட வந்த நாட்களில், பழைய கைப்பிடியை எடுத்துவிட்டு வெள்ளை லினன் சுற்றிக் கொடுத்தேன். வெள்ளை நூலை எல்லோரும் கேட்க மாட்டார்கள். நாலு வாரம் ஆடினால் பழுப்பாகும், நாலு மாதத்தில் தேயிலைச் சாயம் ஏறிய மாதிரி ஆகும், க்யூ நுனியில் தடவுகிற சாக் பொடியின் நீலமும் அங்கங்கே ஒட்டும். அவருடையது கண்டிலிருந்து அவிழ்த்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

அவள் அதன்மேல் விரலை வைத்தாள். சத்தம் போடவில்லை. கம்பெனியில் சரக்கு சரிபார்க்கிற குரலில் பேசினாள்.

"ஒரு காலரை நாலு நாள் போட்டாலே மடிப்புல கறை ஏறிடும்ண்ணா. எத்தனை தடவை தோய்ச்சாலும் போகாது. இது ஒண்ணரை வருஷம் வேர்த்த நூலா?"

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே.

"அவர் இங்க இருக்கற க்யூவை எடுத்துத்தான் ஆடுவாரு பாப்பா. இதை அழுக்காக்க வேண்டாம்னு..."

"அப்படியா?"

"ஆமா. பத்திரமா வெச்சிருக்காரு."

"அப்ப எதுக்குப் பையை மாட்டிக்கிட்டுப் போறாரு?"

மேசையில் கிடந்த மரத்தூளை மறுபடி ஊதினேன். அவள் தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் பார்த்து அடுக்கினாள். நூல்கண்டுகளின் நுனியைச் செருகி, இழுப்பறையில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்ண்ணா. நாலு மாசமாத் தெரியும். அலமாரி தொடைக்கும்போது இந்தப் பை கீழ விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. அப்புறம் ஒரு சனிக்கிழமை பின்னாடியே போனேன். அந்தப் பொண்ணு வீடு வரைக்கும் தெரியும்."

"பாப்பா..."

"பொறந்த நாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு பொறந்த நாளு எந்த மாசம்னு கூட உனக்கு ஞாபகமில்ல, பார்த்தியா?"

உண்மை. ஞாபகமில்லை. நான் பொறுப்பு என்று மார்தட்டிய மாப்பிள்ளையின் பிறந்த நாள்.

"நான்... எப்படிம்மா சொல்லுவேன்? என் வாயால எப்படி? உன் குடும்பம் கலைஞ்சுடக் கூடாதேன்னுதான்..." எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பாதியில் நிறுத்தினேன். "தப்புதான். ஆஸ்பத்திரி அன்னிக்குச் செஞ்சது மன்னிக்கவே முடியாத தப்பு. எனக்குத் தெரியும்."

"அதைக் கேக்க வரல." அவள் க்யூவைப் பைக்குள் தள்ளினாள். "வீட்டை விட்டு வந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நானும் குழந்தையும். எங்க போறதுன்னு யோசிச்சேன். உன் வீடுதான் முதல்ல ஞாபகம் வந்துச்சு. வேற எங்க போவேன்? ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை உன்னைப் பார்த்துடணும்னு தோணுச்சு. நானா எதையும் சொல்லாம, சும்மா உன் எதிர்ல உட்கார்ந்தா நீயா சொல்லுவியான்னு."

கை வேர்த்தது. எனக்கு. பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

"வந்துடு பாப்பா. இன்னிக்கே வந்துடு. உன் அண்ணிகிட்ட நான் பேசறேன். மாடி ரூமைக் காலி பண்ணிடறேன். நீ எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு. யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

அழுதுகொண்டே சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அவளும் அதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் என் தோளில் ஒரு நிமிஷம் கையை வைத்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேண்டாம்ண்ணா. கம்பெனில கூட வேலை செய்யற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. கொஞ்ச நாள் அவங்க வீட்ல இருக்கோம்."

"ஏன்? அண்ணன் வீடு இருக்கும்போது யாரோ வீட்ல எதுக்கு?"

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து பிடித்தபடி சொன்னாள்.

"அவர் போன் பண்ணி, அவ அங்க இருக்காளான்னு கேப்பாரு. நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியலையே."

போய்விட்டாள். எந்த அக்கா, எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். தெரியலையே என்றது என் மேல் இருந்த மரியாதைக்குச் சொன்னது. எனக்குத் தெரியும். மாப்பிள்ளை அந்த மென்மையான குரலில், "மச்சான், அவ அங்க இருக்காளா?" என்று கேட்டால், ஒரு நிமிஷம் தயங்குவேன். பிறகு, "இங்கதான் மாப்பிள்ளை," என்று சொல்லிவிடுவேன்.