வலி நின்ற நாள்

கோடை முகாமுக்குப் போகும் பேருந்தில் ஏறுவதற்கு முன்பே அவள் தன் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாரு சிட்டு, அங்க போனதும் நான் உனக்கு அம்மா இல்ல. மத்த பிள்ளைங்களுக்கு எப்படியோ அப்படித்தான் உனக்கும். மிஸ்னுதான் கூப்பிடணும். ஏதாவது வேணும்னா வரிசையில வந்து கேக்கணும். புரியுதா?"

பத்து வயதுச் சிட்டு யோசித்தாள். "வாங்க போங்கன்னு பேசணுமா?"

"ஆமா."

"சரிங்க மிஸ்," என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

தாய்க்கு அது விளையாட்டில்லை. அவள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. விடுமுறையில் இந்த முகாமில் கைவேலை வகுப்பும், பெண் பிள்ளைகள் தங்கும் கூடத்தின் மேற்பார்வையும் அவள் பொறுப்பு. போன வருஷம் முகாம் சமையல்காரரின் மகன் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட்டான். நிஜமாகவே ஓடி ஜெயித்தவன்தான். ஆனாலும் சில பெற்றோர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வேலை செய்யிறவங்க பிள்ளைக்குத்தான் பரிசா?" என்று முகாம் தலைவரிடமே கேட்டுவிட்டார்கள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவர் எல்லோருக்கும் விசில் சார். "உங்க பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க, வேணாங்கல. ஆனா ஒரு பேச்சு வராம பாத்துக்கங்க" என்று ஊழியர் கூட்டத்தில் சொல்லியிருந்தார். கணவர் வேலையாக வெளியூர் போயிருந்ததால், சிட்டுவை வீட்டில் விட்டுவர வழியில்லை. யார் வாயிலும் விழுந்துவிடக் கூடாது என்று அவள் அப்போதே மனசுக்குள் முடிவுகட்டிவிட்டாள்.

முடிவை நன்றாகவே நிறைவேற்றினாள். அந்த நீண்ட கூடத்தில் யாரும் விரும்பாத, குளியலறைக் கதவை ஒட்டிய கட்டிலைச் சிட்டுவுக்குக் கொடுத்தாள். சிட்டு செய்த காகித முகமூடி எல்லாவற்றையும்விட அழகாக இருந்தும், வேறொரு பெண் செய்ததைச் சுவரில் மாட்டினாள். பசை ஒட்டிய விரல்களோடு ஒரு வாண்டு வந்து, "மிஸ், சிட்டு உங்க பொண்ணாமே? உங்களுக்கு அவளப் பிடிக்காதா?" என்று கேட்டது. அதைக் கேட்டு அவளுக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மனசு லேசாகக் குளிர்ந்தது. பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரிந்தால் சரிதான்.

சாயங்காலம் விளையாட்டு முடிந்ததும் அவள் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவாள். ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவள், பக்கத்துக் கட்டில்காரி கிள்ளினாள் என்று கையைக் காட்டுகிறவள், வீட்டு நினைப்பில் மூக்கை உறிஞ்சுகிறவள் என்று வரிசை வால் மாதிரி நீளும். ஒருநாள் அந்த வாலின் கடைசியில் சிட்டு நின்றாள். அவள் முறை வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

"மிச்சம் இருக்கறவங்க நாளைக்கு வாங்க," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுத் தாய் எழுந்தாள். சிட்டுவும் மற்றவர்களோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் மறுபடியும் வந்து நின்றாள்.

"காது வலிக்குது மிஸ்."

சளி பிடித்த குரல். தாயின் கை தானாக அவள் நெற்றிக்கு எழுந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எழுந்த கை பாதியிலேயே இறங்கிவிட்டது.

"நர்ஸ் அக்காகிட்ட போய்க் காட்டு. எல்லாரும் அப்படித்தான போறாங்க?"

"சரிங்க மிஸ்."

அன்று மணிக்கட்டை உடைத்துக்கொண்ட ஒரு பையனை அழைத்துக்கொண்டு நர்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவள் அறை பூட்டிக் கிடந்தது. அது தாய்க்குத் தெரியாது. சிட்டு திரும்பி வந்து சொல்லவும் இல்லை.

மறுநாள் காலையில் போர்வைகளை உதறி மடிக்கிறபோது, தாய் குனிந்தவாக்கில் மெதுவாகக் கேட்டாள். "காது எப்படி இருக்கு?"

"இப்ப வலிக்கல மிஸ்!" சிட்டுவின் முகம் மலர்ந்திருந்தது.

தாய்க்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "பாத்தியா, தானா சரியாயிடுச்சு. ஓடு, நீச்சலுக்கு நேரமாச்சு."

சிட்டு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் குளத்தில் குதித்துக் கும்மாளம் போட்டாள். அதற்கப்புறம்தான் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. நர்ஸ் வந்து தலையணையைப் புரட்டினாள். உறையில் மஞ்சளாக ஒரு கறை காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தாய் புலம்பினாள்.

"அம்மாகிட்ட ஓடி வந்து சொல்லியிருக்கலாமேடி!"

"ரெண்டு தடவ வந்தேனே. நர்ஸ் அக்கா ரூம் பூட்டியிருந்துச்சு. மறுபடி வந்தா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு..."

"இங்க யாரும் இல்லடி கண்ணு. நீன்னே சொல்லு. அம்மான்னு கூப்பிடு."

சிட்டு கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "கேம்ப் இன்னும் முடியலயே."

டாக்டர் காதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், வலி எப்போது நின்றது என்று. தாய் சொன்னாள்.

"அன்னிக்குத்தான் செவிப்பறை கிழிஞ்சிருக்கு. கிழிஞ்சதும் உள்ள இருக்கற அழுத்தம் போயிடும், வலியும் நின்னுடும். சரியாயிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் தண்ணியில இறங்கினதுதான் தப்பாப் போச்சு."

அவர் யாரையும் குற்றம் சொல்கிற தொனியில் பேசவில்லை. ஆனால் 'ஓடு, நேரமாச்சு' என்று அனுப்பி வைத்த வாய் யாருடையது என்று அவளுக்குத் தெரியுமே.

விசில் சார் பழங்களோடு பார்க்க வந்தார். அவரைக் கண்டதும் அவளுக்கு ஆற்றாமை பொங்கியது. "நீங்க சொன்னதுக்காகத்தான சார் நான் அவளத் தள்ளியே வச்சிருந்தேன்?"

அவர் திகைத்துப் போனார். "நான் பரிசு விஷயத்துக்குத்தானம்மா சொன்னேன். பெத்த பிள்ளையத் தொட்டுப் பாக்கக் கூடாதுன்னு எப்பம்மா சொன்னேன்?"

உண்மைதான். அப்படி யாருமே சொல்லவில்லை. நாலு பேர் தன்னை நேர்மையானவள் என்று சொல்ல வேண்டும் என்ற ஆசையில், அவர் இழுத்த ஒரு கோட்டை இவள்தான் சுவராக எழுப்பிக்கொண்டாள்.

சேதி கேட்டுக் கணவர் ஓடி வந்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "விடு, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டார். அந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சில மாதம் கழித்து ஆபரேஷன் நடந்தது. ஓட்டை மூடிக்கொண்டது. இடது காதில் கேட்கும் சக்தி பாதிதான் திரும்பியது. வகுப்பில் சிட்டுவை முன்வரிசைக்கு மாற்றினார்கள். அடுத்த விடுமுறைக்கு விசில் சார் கூப்பிட்டபோது, தன்னால் முடியாது என்று தாய் சொல்லிவிட்டாள்.

"ஏம்மா வரலன்னு சொன்ன? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வருவாங்களே!" என்று சிட்டுதான் சண்டைக்கு வந்தாள். அவளுக்கு முகாமின்மேல் ஒரு வருத்தமும் இல்லை. தண்ணீரில் இறங்கக் கூடாது, அவ்வளவுதானே?

அன்று தலை பின்னிக்கொண்டிருந்தபோது, பல நாளாகத் தொண்டையில் நின்றதைத் தாய் சொல்லிவிட்டாள். வலது காதுப் பக்கமாகக் குனிந்து சொன்னாள். "சிட்டு, உன் காது இப்படி ஆனது அம்மா செஞ்ச தப்புடி."

"இல்லம்மா." கண்ணாடியில் தன் பின்னலைப் பார்த்தபடியே சிட்டு சொன்னாள். "நான் அழாம சொன்னேன்ல, அதான் உனக்குத் தெரியல. அழுதிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். என் தப்புதான்."

"அய்யோ, அப்படி இல்லடி. நீ அழவே வேண்டியதில்ல. நீ சொன்னதே போதும். நான்தான்..."

"சரிம்மா, சரி. ரிப்பன இறுக்கிக் கட்டு, அவுந்துடுது."

அதற்குப் பிறகும் தாய் எத்தனையோ தடவை, எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். மகள் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் கேட்டு, சரி என்று தலையாட்டுவாள். நம்பியதாகத் தெரியவில்லை.