மாடிப்படி உள்ள வீடு

நல்ல பெயர் எடுப்பதைப் போல ஒரு தொல்லை வேறு கிடையாது. எடுத்தவர்கள் அதை இறக்கி வைக்க இடம் தேடி அலைய வேண்டியதுதான். நெதர்லாந்தில் டெவென்டர் ஊரில் யோலான்டாவுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. எல்லாரையும் நினைத்துப் பார்ப்பவள், யாரையும் விட்டுவிடாதவள் என்று.

அதனால்தான் அவளுடைய அப்பா கெரிட், எழுபத்தைந்து வயதாவதைக் கொண்டாடப் பிள்ளைகளைப் பிப்ரவரியில் கரீபியன் கடலில் இருக்கும் குரசாவ் தீவுக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்ததும், வீடு பார்க்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். விமான டிக்கெட் தம்பி வௌட்டரின் வேலை. இங்கே குளிரில் விறைத்துக் கிடப்பதற்குப் பதில் அங்கே வெயிலில், கடலோரத்தில், எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். கிழவரின் ஆசை அவ்வளவுதான்.

"யோலா பார்த்தா மீக்கெக்கும் சேர்த்துத்தான் பார்ப்பா. எனக்குக் கவலையே இல்ல" என்றார்.

மீக்கெ நடுப்பிள்ளை. சில வருடங்களுக்கு முன் நரம்பு நோய் வந்து, இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. வீட்டுக்குள் கைத்தடி, வெளியில் போனால் சக்கர நாற்காலி. கல்யாணம் ஆகவில்லை. நாற்காலியைத் தள்ளுவது, வியாழக்கிழமைதோறும் கால் பயிற்சிக்குக் காரில் கொண்டுபோய் விடுவது, மருந்துக் கடை, குளியலறைக் கைப்பிடி எல்லாமே அக்கா யோலான்டாதான். வௌட்டர் தூரத்தில் க்ரோனிங்கன் நகரத்தில் இருந்துகொண்டு போனில் பாசம் காட்டுவான். போனில் காட்டும் பாசத்துக்கு முதுகு வலிக்காது.

யோலான்டா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் போன கோடையில் டெக்செல் தீவுக் கடற்கரையில், ஈர மணலில் நாற்காலியின் சக்கரம் புதைந்து நின்றபோது, அவள் கணவனும் தம்பி குடும்பமும் அலைக்குள் கத்திக் குதித்துக்கொண்டிருந்தார்கள். "நீ போ யோலா, நான் இங்கயே இருக்கேன்" என்றாள் மீக்கெ. போனாள். ஆனால் ஒவ்வோர் அலைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் ஓட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். நினைத்ததில் தப்பில்லை. தப்பு பிறகு வந்தது.

ஒரு மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமை மதியம் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வீடு தேட உட்கார்ந்தாள். எதிரில் அவள் கணவன் தெய்ஸ் சின்ன முட்டைக்கோசுகளைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தான். திரையின் ஓரத்தில் கட்டங்கள் வரிசையாக நின்றன. நீச்சல் குளம், கடலுக்கு நடக்கும் தூரம், படி இல்லாத வீடு. கடைசிக் கட்டத்தைத்தான் அவள் முதலில் குறித்தாள். அந்த அளவுக்கு அவள் நல்லவள்தான்.

வந்த வீடுகள் அழுது வடிந்தன. ஒன்று நெடுஞ்சாலை ஓரம். இன்னொன்றில் சுவரெல்லாம் இரும்புக் கைப்பிடி, பார்த்தாலே மருந்து வாசனை அடித்தது. சும்மா பார்ப்போமே என்று அந்தக் குறியை எடுத்துவிட்டாள். உடனே அந்த வீடு வந்தது. வெள்ளைச் சுவர், மஞ்சள் ஜன்னல், கடலைப் பார்த்த தாழ்வாரம், கட்டிலில் இருந்து எழுந்தால் நீலத் தண்ணீர். படுக்கையறைகள் எல்லாம் மாடியில். வெளிப்பக்கமாகக் கல்படி ஏறிப் போக வேண்டும்.

வீடு பிடித்தது முதலில். படி பிடித்தது அதற்கப்புறம். மீக்கெயால் வர முடியாது என்ற எண்ணம் வந்ததும் மனசு லேசாகிப் போனது. லேசானதைக் கண்டு அவளுக்கே திக்கென்றது. இருந்தும் குறியைத் திரும்பப் போடவில்லை.

தெய்ஸ் எட்டிப் பார்த்தான். விருந்துக்குப் போன வீட்டிலேயே சூப்பில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லக்கூடிய மனுஷன்.

"படி இருக்கே?"

"இருக்கு."

"மீக்கெ என்ன பண்ணுவா?"

"பார்த்துக்கலாம்."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோசை எடுத்தான். அவன் வாயிலிருந்து வெறும் "ம்" வருவது அந்த வீட்டில் நடக்காத காரியம்.

பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது. அதற்கு வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. மீக்கெயின் குணம் அப்படி. படியைப் பார்த்ததும் அவளே "நீங்கல்லாம் போயிட்டு வாங்க, எனக்கு வெயில் ஒத்துக்காது" என்று சொல்லிவிடுவாள். யோலான்டா இரண்டு தடவை மறுப்பாள், மூன்றாவது தடவை விட்டுக்கொடுப்பாள். மறுக்கும் வசனத்தைக் குளிக்கும்போது சொல்லிப் பார்க்கக்கூடச் செய்தாள். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீட்டின் இணைப்பை அனுப்பினாள். முதலில் கடல், அப்புறம் தாழ்வாரம், சமையலறை, மறுபடி கடல். படி எங்கேயோ கடைசியில். முழுப் பூசணிக்காய்தான். ஆனால் மறைக்கச் சோறு நிறைய இருந்தது.

அப்பாவும் தம்பியும் ஆகா ஓகோ என்றார்கள். மீக்கெ ஒரு சூரியன் படம் மட்டும் போட்டாள்.

அதற்கப்புறம் யோலான்டா அந்த வசனத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வியாழக்கிழமை கூட்டிப்போகக் காரை எடுத்தால், "வேணாம் யோலா, டாக்ஸி சொல்லிட்டேன்" என்றாள் மீக்கெ. அடுத்த வாரமும் அப்படியே. கோபித்துக்கொண்டாள் போல என்று யோலான்டா நினைத்தாள். நினைத்துவிட்டு, கிடைத்த மதியத்தில் போய் ஒரு நீச்சல் உடை வாங்கி வந்தாள்.

நவம்பரில் அப்பாவின் பிறந்த நாள் வந்தது. எங்கள் ஊர்ப் பிறந்த நாளில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிடுவோம். பிறந்தவரை மட்டும் வாழ்த்தினால் போதாது, அவரைப் பெற்றவர், அவர் பெற்றவர், கூடப் பிறந்தவர் எல்லாருக்கும் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து வாழ்த்த வேண்டும். ஒரு காபி, ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டு கேட்கும் ஆள் இன்னும் பிறக்கவில்லை. வட்டத்தில் பின்வரிசை என்று ஒன்று கிடையாது. யார் முகமும் யாருக்கும் தப்பாது.

மீக்கெ யோலான்டாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கேக் முடிந்ததும் வௌட்டர் அந்த வீட்டுப் படங்களைத் தொலைக்காட்சியில் போட்டான். கடல் வந்தது, தாழ்வாரம் வந்தது. அப்பா பரவசமாக நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கடைசியில் படி வந்தது. வெயிலில் பளீரென்று, திரை முழுக்கப் படி.

"என்னப்பா இது, கோபுரத்துல ஏறற மாதிரி இருக்கு!" என்றாள் அப்பாவின் தங்கை டீனி அத்தை. "இந்தப் பொண்ண யாரு தூக்கிட்டுப் போறது? வௌட்டரா? அவன் காபிக் கோப்பையத் தூக்கவே ரெண்டு கை வேணும்."

எல்லார் பார்வையும் மீக்கெ மேல் விழுந்து, அங்கிருந்து யோலான்டா மேல் வந்து நின்றது. இதோ வரப்போகிறது என்று யோலான்டா தன் வசனத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"யாரும் தூக்க வேணாம் அத்தை" என்றாள் மீக்கெ. அவள் முகம் சிவந்திருந்தது. "அனுப்பின அன்னிக்கே படியப் பார்த்துட்டேன். ராத்திரி பூரா அழுதேன், சந்தோஷத்துல. உங்கள்ல யாரு வீடு பார்த்திருந்தாலும் முதியோர் இல்லம் மாதிரி ஒண்ணத்தான் எடுத்திருப்பீங்க. எனக்கு நோய் வந்ததுலேர்ந்து என் காலப் பார்க்காம என்னைப் பார்த்து ஒரு வீடு எடுத்தது இவ ஒருத்திதான். இவளே நம்பும்போது எனக்கென்ன? அன்னிலேர்ந்து வியாழக்கிழமை வியாழக்கிழமை படி ஏறிப் பழகுறேன். இவளுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் டாக்ஸி."

யோலான்டா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எதிர்ப்பக்கத்தில் தெய்ஸ் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்பலையா? இப்பவே ஏறிக் காட்டுறேன். யோலா, பின்னாடி வா" என்று மீக்கெ எழுந்தாள். யோலான்டாவும் எழுந்ததும், கைத்தடியை அவளுடைய காலி நாற்காலியில் குறுக்கே வைத்துவிட்டு, நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்துக் கூடத்தை விட்டு வெளியே போனாள்.

அப்பா வீட்டு மாடிப்படி எங்கள் பழைய வீடுகளின் படி மாதிரிதான். ஏணிக்கு அண்ணன். செங்குத்தாக ஏறி, நடுவில் ஒரு வளைவு. மீக்கெ இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி, நல்ல காலை வைத்து, மற்றதை இழுத்து ஏறினாள். யோலான்டா பின்னால், அவள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கையை ஏந்திக்கொண்டு.

"மீக்கெ, கேளு, உங்கிட்ட ஒண்ணு..."

"பேசாத. பேசினா காலு மறந்துடும்."

வளைவில் கைப்பிடி முடிந்துவிடும். அங்கே மீக்கெயின் இடது கால் நடுங்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. கீழே எல்லாரும் கதவருகில் கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்ப எறங்கினா மானம் போயிடும். தள்ளுடி" என்றாள் மூச்சுக்குள். யோலான்டா தோளைக் கொடுத்துத் தள்ளினாள். எதிலிருந்து தப்பிக்க அந்த வீட்டை எடுத்தாளோ அதையே செய்தாள், முழு பலத்தோடு. மேலே போய்ச் சேர்ந்தார்கள். கீழே கைதட்டல் கேட்டது.

மீக்கெ சின்ன வயதில் படுத்த அறை அது. இப்போது அப்பா அங்கே துணி காயப்போடுகிறார். சட்டைகளுக்கு நடுவே பழைய கட்டிலில் மீக்கெ விழுந்து உட்கார்ந்து சிரித்தாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "எவ்ளோ வருஷமாச்சு இங்க வந்து! உன்னாலதான் யோலா."

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க யோலான்டாவால் முடியவில்லை. உடம்பே கூசியது. செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். இந்த நன்றியைத்தான் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"நான் உன்னை நம்பி எடுக்கல" என்றாள். "நீ வர முடியாதுன்னுதான் அந்த வீட்ட எடுத்தேன். தெரிஞ்சேதான் எடுத்தேன்."

மீக்கெயின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் தங்கி, வேலை இல்லாமல் நின்றது. பிறகுதான் போனது.

"எப்பலேர்ந்து?"

"டெக்செல்லேர்ந்து. சக்கரம் மணல்ல மாட்டுனப்போ. ஒரு தடவ திரும்பிப் பார்க்காம ஓடணும் போல இருந்துச்சு."

"எனக்கும்தான் அன்னிக்கு ஓடணும் போல இருந்துச்சு" என்றாள் மீக்கெ.

யோலான்டா ஒரு சட்டையின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லியிருக்கலாம்ல? எனக்கு ஒரு மாசம் ஓய்வு வேணும் மீக்கென்னு நேரா சொல்லியிருந்தா நானே போயிட்டு வான்னு அனுப்பியிருப்பேன். பயிற்சி குடுக்கிற பொண்ணுகிட்ட சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்டி, எங்கக்கா என்னை நம்புறான்னு." குரல் உடைந்தது. துடைத்துக்கொண்டாள். "சரி. இப்ப எப்படி எறங்குறது நான்? அதையாவது நான் ஏறறதுக்கு முன்னாடி யோசிச்சியா?"

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். யோலான்டா முன்னால் இறங்க, மீக்கெ படியைப் பார்த்துத் திரும்பி நின்று, பின்பக்கமாக ஒவ்வொரு காலாகக் கீழே விட்டாள். சுவரைப் பிடித்தாள், படியைப் பிடித்தாள், அக்காவைத் தொடவில்லை. வளைவில் பிடிக்க ஒன்றும் இல்லை. அங்கே அவள் கை பின்னால் நீண்டு, துழாவி, வேறு வழியில்லாமல் யோலான்டாவின் தோளில் விழுந்தது. மொத்தப் பாரமும் அந்தக் கையில் இருந்தது. கைப்பிடி தொடங்கியதும் அதை எடுத்துக்கொண்டாள்.

கீழே எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோலான்டாவின் கன்னத்தைத் தட்டினார். "உங்கம்மா இருந்து இதப் பார்த்திருக்கணும். இப்படி ஒரு பொண்ணு எல்லாருக்கும் கிடைக்காது." வட்டத்தில் மற்றவர்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். வௌட்டர் போனைக் கையில் எடுத்தான். "அப்ப அந்த வீட்டையே பதிவு பண்ணிடட்டுமா?"

மீக்கெ தன் நாற்காலியில் மெதுவாக அமர்ந்தாள். "யோலா சொல்லட்டும்" என்றாள்.

ஒரு "சரி" போதும். அந்த ஒரு வார்த்தையோடு நல்ல பெயரும் பிழைத்துக்கொள்ளும், படங்களில் வந்த அந்தக் கடலும் கிடைக்கும். மீக்கெ காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பதும் யோலான்டாவுக்குத் தெரிந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வேணாம். மீக்கெ வரக்கூடாதுன்னுதான் நான் படி இருக்கிற வீடாப் பார்த்து எடுத்தேன்."

அப்பா தட்டிய கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும்" என்றான் தெய்ஸ். "பார்த்துட்டுச் சும்மா இருந்தேன்." அவன் வாழ்க்கையிலேயே தாமதமாகச் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

யோலான்டாவுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. வட்டத்தில் காலியாக இருந்த நாற்காலி ஒன்றே ஒன்று, மீக்கெக்குப் பக்கத்தில். அதன் குறுக்கே மீக்கெயின் கைத்தடி கிடந்தது. அவள் போய் அதன் முன்னால் நின்றாள். மீக்கெ தடியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு ஆறிப்போன தன் காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

தடியை எடுக்கவில்லை. யோலான்டா நின்றுகொண்டிருந்தாள்.