மருந்துக்கும் பாலுக்கும் நடுவே

காலையில் முகம் துடைத்துவிடும்போதுதான் நர்ஸ் கவனித்தாள். டிரைவரின் கண்மணிகள் நிலைகொள்ளாமல் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டார்.

வார்டில் எல்லோரும் அவரை டிரைவர் என்றுதான் சொல்வார்கள். ஊருக்குள் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்ததில் பேச்சும் விழுங்கும் சக்தியும் போய், மூக்குக் குழாய் வழியாகச் சத்துமாவுப் பால் இறங்குகிறது. பிறகு வலிப்பும் சேர்ந்துகொண்டது. மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் மறுபடி வந்தது. அளவைக் கூட்டினார்கள், அப்போதும் வந்தது. போன வாரம் வந்த வலிப்பு நின்றபாடில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்து சேர்த்திருந்தார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மருந்து உடம்பில் மிதமிஞ்சி ஏறியிருக்கிறது, அதனால்தான் மயக்கமும் கண் துடிப்பும் என்றார். அளவைக் குறைத்து எழுதினார். நிதானப்பட்டதும் அந்தக் குறைந்த அளவோடு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்.

நர்ஸுக்கு மனசு ஒப்பவில்லை. அதே புட்டி, அதே அளவு. வீட்டில் போதாமல் வலிப்பு வருகிறது. இங்கே அதிகமாகி மயக்குகிறது. நடுவில் ஏதோ ஒன்று மாறுகிறது. அது என்னவென்று தெரியாமல் குறைந்த அளவோடு அனுப்பினால், அடுத்த வலிப்பு அவரைத் திருப்பித் தருமா என்பது நிச்சயமில்லை. கைகழுவும் தொட்டி முன்னால் நின்று, 'கடவுளே, கண்ணைத் திறந்துவை' என்று வேண்டிக்கொண்டாள். அவளுடைய வேண்டுதல்கள் எப்போதும் அவ்வளவு சின்னவைதான்.

டிரைவரின் மனைவி சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலியில் அவளுடைய நாத்தனார், டிரைவரின் தங்கை. அண்ணன் மேல் உயிர்; அந்த உயிர் அண்ணியைப் பார்க்கும்போது மட்டும் முள்ளாகிவிடும். வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு: இன்னொரு வலிப்பு வந்தால் அண்ணனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன், அண்ணிக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

மருந்து நேரம் வந்ததும் நர்ஸ் மனைவியிடம் சிரிஞ்சைக் கொடுத்து, வீட்டில் செய்கிறபடி செய்துகாட்டச் சொன்னாள். அவள் புட்டியைக் குலுக்கி, குழாயில் தண்ணீர் விட்டு, மருந்தை மெதுவாக இறக்கி, மறுபடி தண்ணீர் விட்டுக் கழுவினாள். பாடப்புத்தகம் போல. ஆனால் முடித்ததும் அவள் கை தானாகப் பால் புட்டிப் பக்கம் போய், நர்ஸைப் பார்த்ததும் மடிக்குத் திரும்பியது. பார்வை நாத்தனார் முகத்தைத் தொட்டுவிட்டுத் தரையில் விழுந்தது.

"மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் பாலை நிறுத்திவைக்கிறீங்கதானே, அக்கா?" என்று நர்ஸ் கேட்டாள். நிறுத்துகிறேன் என்று சட்டென்று பதில் வந்தது.

"நிறுத்தாம என்ன?" என்றாள் நாத்தனார். "பேச முடியாதவன் பசிக்குதுன்னா கேட்கப் போறான்? எங்க அண்ணன் நேரத்துக்குச் சாப்பிட்டே பழக்கப்பட்டவன், சிஸ்டர். இப்ப வயித்தைக் கட்டிப்போட்டு வச்சிருக்காங்க."

நர்ஸ் நாத்தனாரிடம் கீழே மருந்துக் கடையில் பஞ்சு வாங்கிவரச் சொன்னாள். அலமாரியில் பஞ்சு நிறையவே இருந்தது. அந்தச் சின்னப் பொய்யைக் கடவுள் கணக்கில் வைக்கமாட்டார் என்று அவள் நம்பினாள்.

நர்ஸும் மனைவியும் தொட்டியருகே நின்று சிரிஞ்சைக் கழுவினார்கள். நர்ஸ் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மனைவியே பேசினாள். நாத்தனார் தினமும் வருவாளாம். பால் இறங்காத நேரமாகப் பார்த்துத்தான் வந்துநிற்பாளாம். பட்டினி போடுகிறாய் என்ற அந்தப் பேச்சைக் கேட்க முடியாமல் ஒருநாள் மருந்தோடேயே பாலையும் விட்டாளாம். அவர் முகம் தெளிந்த மாதிரி இருந்ததாம். அதன்பிறகு அப்படியேதான்.

"பசியோட போடக் கூடாதுன்னுதான் சிஸ்டர் செஞ்சேன். அது தப்பா?"

நர்ஸ் குழாயை மூடினாள். இந்த மருந்து பாலோடு சேர்ந்தால் அதிலேயே ஒட்டிக்கொண்டு உடம்புக்குள் ஏறாமல் வெளியே போய்விடும், இங்கே பாலை நிறுத்தி இடைவெளி விட்டுக் கொடுத்ததில் கூட்டிய அளவு மொத்தமும் ஏறிவிட்டது என்று சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு உறுத்தியது. முதல் தடவை வீட்டுக்கு அனுப்பியபோது இடைவெளி விடச் சொன்னது அவள்தான். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் தெரியாத கட்டளையை அன்பு எத்தனை நாள் தாங்கும்?

அதையும் சொன்னாள். "சொல்லவேண்டியதை நான் பாதிதான் சொன்னேன், அக்கா. அது என் மேல. இப்ப டாக்டர்கிட்ட நான் சொல்லியாகணும். உங்க நாத்தனார்கிட்ட சொல்றது உங்க இஷ்டம்."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறைத்தால் அவருக்குத்தானே ஆபத்து என்றாள்.

நாத்தனார் பஞ்சோடு வந்தாள். மனைவி எழுந்து நின்று சொன்னாள். எதையும் விடவில்லை. யார் பேச்சுக்குப் பயந்து அப்படிச் செய்தாள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். நர்ஸ் படுக்கையின் அந்தப் பக்கம் தலையணையைச் சரிசெய்துகொண்டே காத்திருந்தாள், வெடிக்கப்போகிறது என்று.

வெடிக்கவில்லை. நாத்தனார் பஞ்சுப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப என் வாயாலயா?" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் அவசரப்படவில்லை. இதே இடைவெளியோடு, குறைந்த அளவில், இன்னும் சில நாள் வார்டிலேயே வைத்துப் பார்ப்போம் என்றார். இந்த நாட்களில் வலிப்பு வராமல் இருந்தால்தான் வீடு.

அடுத்த வேளை மருந்து இறங்கியது. பால் புட்டி நாத்தனார் மடியில் இருந்தது, மூடியோடு. ஒரு தடவை, பசிக்குமோ என்று தனக்குள் முணுமுணுத்தாள். பிறகு மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

மனைவி டிரைவரின் வலது கைக்கடியில் தன் கையை விரித்து வைத்தாள். பேச்சு போன பிறகு அவர் கட்டைவிரலால் அவள் உள்ளங்கையை இரண்டு தடவை அழுத்துவார், ஹாரன் அடிக்கிற மாதிரி. அவள் 'வழி விட்டாச்சு, போங்க' என்பாள். போன வாரத்து வலிப்புக்குப் பிறகு ஹாரன் அடிக்கவில்லை.

"அது திரும்பி வருமா, சிஸ்டர்? இல்ல, அதையும் நானே போக்கிட்டேனா?"

ஆறுதலாக ஒரு பொய் நர்ஸின் நாக்கு வரை வந்தது. பஞ்சு வாங்க அனுப்பிய பொய் போல் இது சின்னதல்ல என்று அவளுக்குத் தெரியும்.

"தெரியலக்கா. மருந்து மயக்கமாவும் இருக்கலாம். உண்மையாவே தெரியல."

மனைவி தலையசைத்தாள். கையை எடுக்கவில்லை. நாத்தனார் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளருகே வந்து உட்கார்ந்தாள். கை மரத்துப்போனால் சொல்லுங்க அண்ணி, நான் வச்சுக்கிறேன் என்றாள்.