பூட்ஸ் பெஞ்சின் ஜாதகம்

பாதிரியார் ஒவ்வொரு வீடாக வந்து பூசை வைக்கும் வழக்கத்துக்கு எங்கள் ட்ரம்கீல் ஊரில் ஸ்டேஷன்ஸ் என்று பெயர். இந்த வசந்தத்தில் முறை கான்செப்டா வீட்டுக்கு வந்தது. பாதிரியார் நிற்கப்போவது சமையலறையில், அதுவும் அரைமணி நேரம். கான்செப்டாவோ கோழிக்கூண்டுக்கு வெள்ளையடித்தாள், கேட்டுக்கு பெயிண்ட் அடித்தாள், அதுவும் போதாமல் பின்பக்கக் கொட்டகைக்குள் துடைப்பத்தோடு புகுந்துவிட்டாள். பாதிரியார் என்றைக்கு அங்கே எட்டிப் பார்த்தார் என்று கேட்டால், “நோரீன் பார்ப்பாளே” என்றாள். அதுவும் வாஸ்தவம்தான். எதிர்வீட்டு நோரீன் இந்த ஊரில் எட்டிப் பார்க்காத இடம் அவளுடைய சொந்த அடுப்படி ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை பூசை அமர்க்களமாக முடிந்தது. புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ப்ரோனா கொட்டகைக் கதவைத் திறந்தாள். உள்ளே கோவில் மாதிரி பளபளவென்று இருந்தது. மூலையில் இருந்த பெட்டியைக் காணோம்.

“மம்மி, இங்க ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி இருந்துச்சே, எங்க?”

“அந்தக் குப்பையா? டீக்கறையும் கோந்துமா, கோட்டு மேல கோடு. திங்கக்கிழமையே கொளுத்தியாச்சு. ஏன்டி, அது வேணுமா?”

வேணுமாவா! பதினெட்டு வயதுப் பெண் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மரவேலைப் பரீட்சைக்கு அவள் ஆஷ் என்ற மரத்தின் பலகையில் ஒரு பெஞ்சு செய்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றலாம், மூடியைத் தூக்கி உள்ளே போடலாம். மூலைகளெல்லாம் புறாவால் மூட்டு. விரலோடு விரல் கோத்த மாதிரி, ஒரு ஆணி கிடையாது. பெஞ்சு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பெஞ்சு மட்டும் போனால் போதாது, அதன் ஜாதகமும் கூடவே போகவேண்டும். முதலில் என்ன தோன்றியது, எதைக் கைவிட்டாள், ஏன் கைவிட்டாள், எந்த மாதம் எதை அறுத்தாள் என்று வரைபடமும் படமுமாக ஒரு கோப்பு. பாதி மதிப்பெண் அதற்குத்தான். கடைசியில், இது இந்தப் பெண்ணே செய்தது என்று ஆசிரியர் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து இல்லையென்றால் மொத்தமும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் மேற்கே கடலோரத்தில் மேசை நாற்காலி செய்யக் கற்றுத்தரும் கல்லூரிக் கதவு சாத்திக்கொண்டுவிடும். அவள் மனு போட்டிருந்தது அந்த ஒரே இடத்துக்குத்தான்.

கெட்ட நேரம், அவள் வேலை செய்ததை மரவேலை ஆசிரியர் டெவனி சார் பார்க்கவும் இல்லை. மரவேலைக் கூடத்தின் கூரை ஒழுகி, அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீனிலிருந்து பிப்ரவரி வரை அது பூட்டிக் கிடந்தது, வேலையெல்லாம் வீட்டுக் கொட்டகையில்தான். எடுத்த போட்டோக்கள்? அவையெல்லாம் புத்தாண்டன்று ஆட்டுத் தண்ணித்தொட்டிக்குள் விழுந்த போனோடு போய்ச் சேர்ந்தன. மிச்சம் இருந்தது, வரைந்த தாள்களையெல்லாம் அவள் போட்டு வைத்திருந்த அந்தப் பெட்டி ஒன்றுதான். கோப்பு கொடுக்கக் கெடு வெள்ளிக்கிழமை மூன்று மணி.

வியாழக்கிழமை ப்ரோனாவுக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்குத் தகவல் போனது. போன படங்களை மறுபடி எடுத்துப் பழைய தேதி போட்டுவிடுவது என்று முடிவு. நல்ல கேமரா போன் நோரீனிடம்தான் இருந்தது. போனைத் தனியாகக் கொடுத்தனுப்பும் பிறவியா அவள்? கூடவே வந்தாள். துண்டுப் பலகைகளை வைத்து, அரைகுறையாக ஒரு மூட்டு அறுப்பதுபோல ப்ரோனா நின்றாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஸ்வெட்டர் மாற்றினாள்.

“சிவப்பைப் போடுடி. ஹாலோவீன் லீவுல சிவப்புதான் போட்டிருந்தே. கையை வெட்டிக்கிட்டு ஓடினியே, அன்னைக்கு.”

“அதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கியா நோரீன்?”

“எனக்கு வேற என்ன வேலை? சிரிக்காத, மூஞ்சியைக் கொஞ்சம் கஷ்டமா வச்சுக்கோ.”

அதற்கு அவள் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. பதினோரு படங்கள், பதினோரு பக்கங்கள். ஒவ்வொன்றின் கீழும் அழகான எழுத்தில் அக்டோபர், நவம்பர் என்று எழுதினாள்.

வெள்ளி மதியம் ஒன்றரை மணிக்கு டெவனி சார் கோப்பைப் புரட்டினார். மனுஷன் கெட்டவரில்லை, பயந்தாங்கொள்ளி. கையெழுத்து என்றாலே ஓய்வூதியம் ஞாபகத்துக்கு வந்துவிடும். மூன்றாவது பக்கத்தில் நின்றார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இது எப்ப எடுத்தது?”

“ஹாலோவீனப்ப சார்.”

“உங்க வீட்ல ஹாலோவீனுக்கே டாஃபடில் பூத்துடுதா?”

படத்தில், கொட்டகை ஜன்னலுக்கு வெளியே, ஸ்டேஷன்ஸுக்காகக் கான்செப்டா வரிசையாக வைத்த தொட்டிகளில், மஞ்சள் மஞ்சளாக, கூட்டுப் பாட்டுக்கு நிற்பதுபோல அத்தனை வசந்தகாலப் பூக்கள். ப்ரோனாவின் காது மடல் சிவந்தது.

“சார், நான்தான் செஞ்சேன். சத்தியமா நான்தான்.”

“இருக்கலாம். நான் பார்க்கலையே.” அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “இதுல நான் கையெழுத்து போட்டா, உன்கூட சேர்ந்து நானும் புளுகினதா ஆயிடும்.”

“எரிச்சுட்டாங்க சார்! எல்லாத்தையும் மம்மி எரிச்சுட்டாங்க! ஸ்டேஷன்ஸுக்காக!”

ஸ்டேஷன்ஸ் என்றதும் சார் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. அவர் அம்மா ஒருமுறை மாட்டுக்கொட்டிலுக்கே வால்பேப்பர் ஒட்டியவள். ஆனாலும் பேனா பையைவிட்டு வெளியே வரவில்லை.

அழுகையா கோபமா என்று ப்ரோனாவுக்கே தெரியவில்லை. பதினோரு பக்கங்களையும் ஒரே இழுப்பில் கிழித்தாள். ஒரு வெள்ளைத்தாளை இழுத்துப் போட்டு, பென்சிலை அழுத்தி வரைந்தாள்.

“இந்த மூடி முதல்ல நேராத்தான் இருந்துச்சு சார். பாருங்க, இப்படி. டாடியோட மூணு விரல் மேல விழுந்துச்சு. ரெண்டு நாள் மாடு கறக்க முடியல. அப்புறம் கயிறு கட்டினேன், இங்க. அது பூட்ஸுல மாட்டுச்சு. தோல் பட்டை வச்சேன், நாய் தின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த அரைவட்டம். விரல் போக இடம். காலுங்க முதல்ல சாய்வா இருந்துச்சு, நோரீன் உட்கார்ந்தா, அப்படியே விரிஞ்சு போச்சு...”

தாள் கறுத்தது, கண்ணீர் விழுந்த இடத்தில் கோடு கலைந்தது. அவள் அடுத்த தாளை இழுத்தாள். நாய் தின்ற பட்டைக்கு அளவு போட்டாள். விரிந்த காலுக்குக் கோணம் குறித்தாள். மூட்டில் உடைந்த பல், தப்பாக அறுத்த பலகை, அதை மறைக்க ஒட்டிய ஒட்டு என்று எல்லாம் வரிசையாக வந்தன. நேற்று மாதப் பெயருக்கு மேல் ஒரு வரி வராத பெண்ணுக்கு இப்போது கை ஓய்வதாக இல்லை.

சார் எழுந்து போய் பெஞ்சைக் கவிழ்த்தார். அடியில் விரலால் தடவினார். ஒட்டு அவள் சொன்ன இடத்தில் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“மேல தேதி போடு.”

“நவம்பரா சார்?”

“இன்னைக்குத் தேதி! ஞாபகத்திலிருந்து வரைந்ததுன்னு எழுது. படத்துக்கான மார்க் போச்சு, அதை மறந்துடு. மிச்சத்துல தேறுவே.”

மூன்றடிக்க இரண்டு நிமிடம். ஒன்பது பக்கங்கள் கறுப்பும் கசங்கலுமாகக் கிடந்தன. கான்செப்டா பார்த்திருந்தால் நேரே அடுப்புக்குத்தான் கொண்டுபோயிருப்பாள். சார் பேனாவை எடுத்து, பெருமூச்சு விட்டு, கையெழுத்துப் போட்டார். கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். ப்ரோனா மறுமுனையை விடவில்லை.

“விடும்மா, மணியாச்சு.”

“ஒரு நிமிஷம் சார். இன்னும் ஒரு தப்பு வரையப் பாக்கியிருக்கு.”