கோழி வழியாகப் பேசும் வீடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் என் பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்து, நிலத்தை இரண்டாக்கி, இரண்டு வீடு கட்டுகிறார்கள். காலையிலிருந்து ஒரே சத்தம். எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. சரி, இதையே எழுதித் தொலைப்போம் என்று 1927க்கு ஓடினேன். அங்கேயும் ஒரு வீட்டை இடிக்கப் போகிறார்கள்.

2

முதல் தொடக்கம்: "ஈப்போ புந்தோங்கில் அந்தப் பலகை வீட்டைப் பார்த்தவர்கள் எல்லாம்..." (வேண்டாம். யாரும் நின்று பார்க்கிற வீடு இல்லை அது.)

இரண்டாவது: மாட்டுவண்டிக்காரர் பத்துமலைக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் நல்லம்மாள், இளையவள் ராக்காயி. ராக்காயி வந்த நாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசியதில்லை. எல்லாம் பத்துமலை வழியாகத்தான். போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. மிஞ்சியது ஒரு கோழி.

"ஏ கோழி, கஞ்சி ஆறிப்போவுது. வந்து குடிக்கச் சொல்லு," என்பாள் நல்லம்மாள்.

"சுடுதண்ணி வச்சிருக்கேன்லா கோழி. ராத்திரியெல்லாம் இருமுறவங்கள குடிக்கச் சொல்லு," என்பாள் ராக்காயி.

(சிரித்தீர்களா? நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது.)

3

போன மழைக்காலத்து வெள்ளத்தில் ஊறி வீட்டுத் தூண்கள் இற்றுவிட்டன. வீட்டை இடித்தே ஆக வேண்டும். "ஆளுக்குப் பாதி மனை, ஆளுக்கொரு வீடு" என்று பத்துமலை சாவதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். நல்ல மனிதர். இரண்டு பெண்களையும் துளியும் புரிந்துகொள்ளாதவர். இனியாவது இரண்டு பேருக்கும் நிம்மதி என்றது தெரு. நானும் நம்பி, "ராக்காயி தன் பாதியில் நின்று மகிழ்ச்சியோடு" என்று எழுதத் தொடங்கினேன்.*

* வாக்கியம் நகரவில்லை. அவள் மகிழவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டிலிருந்து வந்தவள், தனி வீட்டில் இருந்ததே இல்லை. நல்லம்மாளுக்கும் பயம்தான். இருமும்போது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும். இருவருக்கும் வேண்டியது ஒரே வீடு. ஆனால் அது கோழியிடம் சொல்லி அனுப்புகிற சங்கதியா?

4

சர்வேயர் கதிரவேலு, யாழ்ப்பாணத்துக்காரர், கூலியாளோடு வந்து மனையை அளந்தார். எல்லைக்கல் வண்டியிலிருந்து இறங்கியது.

"கல்லு நட்டால் பிறகு மாத்தேலாது. ரெண்டு பேருக்கும் சம்மதமோ?"

"அவங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்னு சொல்லுங்க ஐயா," என்றாள் ராக்காயி.

"அவ இஷ்டம்தான் என் இஷ்டம்னு சொல்லுங்க," என்றாள் நல்லம்மாள்.

"பக்கத்திலதானே நிக்கிறா! நான் என்ன தபால்காரனோ? நேரே கதையுங்கோ."

இருவரும் கோழியைத் தேடினார்கள். அவர் கூலியாளுக்குக் கண் காட்டினார்.

5

முடிவு ஒன்று: கல்லை நடுகிறார்கள். இரண்டு வீடு, நடுவே வேலி. ஒரு நாள் நல்லம்மாள் கதவு திறக்கவில்லை. மத்தியானம்வரை ராக்காயிக்கு அது தெரியவில்லை. (கிழித்துவிட்டேன். இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (இத்தனை வருடம் பேசாதவர்களா? சும்மா இருங்கள்.)

மூன்றாவது முடிவு பாதியில் நிற்கிறது. நல்லம்மாள் ஓரடி முன்னே வருகிறாள். ராக்காயி தலை நிமிர்ந்து அவள் முகத்தையே பார்க்கிறாள். நல்லம்மாளின் வாய் திறந்துவிட்டது. "இந்தா..." அதற்கு மேல் வரவில்லை. ராக்காயியை என்னவென்று கூப்பிடுவது? பெயர் சொல்லியா, தங்கச்சி என்றா? அவள் கூப்பிட்டதே இல்லை. எனக்கும் அந்தக் குரல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேனா?

நீங்கள் கூப்பிட்டுவிடுங்கள். மனசுக்குள் அல்ல, வாய்விட்டு. கூலியாள் சம்மட்டியை ஓங்கிவிட்டான்.