முட்டி இடிக்குதா?

அந்த ரயிலில் ஏறமாட்டேன் என்று உவைஸிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். நேரில் வந்து நின்றபோதும் சொன்னேன். அவன் காதில் வாங்கினால்தானே? டிக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, நான் கொடுக்காத காப்பிக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

என் மகள் வேல்விழி வடிவமைத்த சாய்வு சீட்டுகளை ஒரு பெட்டியில் மாட்டி, எங்கள் தென்காசி வழியாகப் போகிற பகல் ரயிலில் சேர்த்து ஓட்டிப் பார்க்கிறார்களாம். அதில் நான் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். மகள் போய்விட்டாள். அவள் செய்த சீட்டு மட்டும் எனக்கு எதற்கு?

"நீங்க உக்காந்து பாக்காம அவ வேலை முடியாதும்மா" என்றான் உவைஸ். கடையநல்லூர்ப் பையன். சென்னையில் ரயில் பெட்டிக்கு சீட்டு செய்கிற கம்பெனியில் அவளோடு வேலை பார்த்தவன்.

"அவளே முடிஞ்சு போயிட்டாளே. வேலை முடிஞ்சா என்ன, முடியாட்டா என்ன?"

என் வீட்டுக்காரர் நல்லக்கண்ணு என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். ஒரு காலத்தில் அவர் அதட்டினால் பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரைத் தூக்கித்தான் காட்டுகிறார்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் துண்டு, சோப்பு, எண்ணெய் விற்கிற கடை என்னுடையது. வாய் இல்லாமல் சீசனில் கடை நடத்த முடியாது. சங்கரேஸ்வரிக்கு அது கொஞ்சம் கூடுதல் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த சீட்டு பிறந்ததே என் வாயால்தான்.

வேல்விழி கம்பெனியில் சேர்ந்த புதிது. அவளுக்கு வீடு பார்க்க நானும் அவளும் சென்னைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். மடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தேன். முன்சீட்டு ஆள் ஒரே இழுப்பாகச் சாய்ந்தார். சீட்டு வந்து முட்டியில் இடித்த இடியில் புளியோதரை சேலையெல்லாம் கொட்டிவிட்டது.

"ஏ அண்ணாச்சி! என் மடியில படுத்துட்டு வரதுக்கா டிக்கெட் எடுத்தீரு?"

பெட்டியே சிரித்தது. அவர் திரும்பி, "சாயுத சீட்டுதானம்மா. நீங்களும் சாஞ்சிக்கிடுங்க" என்றார்.

"நான் சாஞ்சா எனக்குப் பின்னால இருக்கவ மடியில கொட்டும். அவ சாஞ்சா அவளுக்குப் பின்னால. இப்படியே கடைசி வரைக்கும் கொட்டிக்கிட்டே போகணுமாக்கும்?"

வேல்விழி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அவர் மேல தப்பில்லம்மா. சீட்டு மேலதான் தப்பு."

"சாயுதவன் அவன் காலைக் குறுக்கட்டும்ட்டி. அடுத்தவன் காலை எதுக்குக் குறுக்கணும்?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் சேலையில் சோறு கிடக்கிறது. இவள் போனை எடுத்து எதையோ வரைய ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு அவளையும் சேர்த்துத்தான் திட்டினேன்.

அவள் வரைந்தது இதுதான். சீட்டுக்குப் பின்னால் கெட்டியாக ஓர் ஓடு. யார் சாய்ந்தாலும் அது அசையாது. பொத்தானை அமுக்கினால் உட்காருகிற மெத்தை முன்னால் நகரும். முதுகு அந்த ஓட்டுக்குள்ளேயே சரியும். சாய்கிறவர் காலுக்குத்தான் இடம் குறையும், பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

"நீதாம்மா சொன்ன" என்றாள். "புதுசு ஒண்ணும் இல்ல, வெளிநாட்டுல எல்லாம் இருக்கு. ஆனா அது அவங்க உடம்புக்கு அளவெடுத்தது. உன்ன மாதிரி குட்டையா இருக்கவங்க உக்காந்தா காலு தொங்கும்."

"யாருட்டி குட்டை?"

அடுத்த சீசனுக்கு லீவில் வந்தவள் கடையில் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து அளவெடுத்தாள். முட்டியிலிருந்து தரை எவ்வளவு, இடுப்பிலிருந்து தோள் எவ்வளவு என்று. கடைத் துண்டு ஒன்றைச் சுருட்டி என் இடுப்புக்குப் பின்னால் வைத்து, "இங்கனயா? கொஞ்சம் கீழயா?" என்று கேட்டாள். வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். "விக்கிற துண்டைக் கசக்காதட்டி மூதி" என்று கத்தினேன். ஆனால் அந்தச் சுருட்டு இடுப்பில் உட்கார்ந்த இடம் அவ்வளவு சுகமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் போன்தான். அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கத்தித்தான் பேச வேண்டும்.

"இன்னைக்குச் சாஞ்சுதாட்டி?"

"சாஞ்சுதும்மா. நிமிரத்தான் மாட்டேங்குது."

பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற குழல்வாய்மொழி முதல் தடவை கேட்டபோது கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் சாய்ந்துவிட்டான் என்றால் அதற்கு அர்த்தமே வேறு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான் என்று அர்த்தம். போய்விட்டான் என்றும் சொல்லலாம்.

"யக்கா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா யாருக்கா சாஞ்சிட்டா?"

"எவளும் சாயல. என் மவ செய்யுத சீட்டு சாஞ்சுதான்னு கேக்குதேன். போய் எண்ணெயைப் பாரு, கருகுது."

அப்புறம் அவளுக்கும் பழகிவிட்டது. "என்னக்கா, இன்னைக்குச் சாஞ்சுதா?" என்று அவளே கேட்பாள். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருப்பதையே நாங்கள் மறந்துபோனோம்.

சீட்டு ஒவ்வொரு நாளும் ஒரு கோளாறு செய்தது. பூட்டு நழுவும், மெத்தை பாதியில் நிற்கும். ஆளை உட்காரவைக்காமல் மணல்மூட்டையை வைத்துத்தான் சாய்த்துப் பார்த்தார்கள். "நீயே உக்காந்து பாத்தா என்னட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாம் சரியாகட்டும்மா. என்னைக்கு நானே உக்காந்து சாயுதேனோ அன்னைக்கு சீட்டு முடிஞ்சுதுன்னு வச்சுக்கோ. அதுக்கடுத்து நீ உக்காரணும். நீ குறை சொல்லலன்னா ஊர்ல எவனும் சொல்ல மாட்டான்."

தலைவலி என்று இரண்டொரு தடவை சொன்னாள். கண்ணாடியை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். வேறு என்ன நினைப்போம்? இருபத்தொன்பது வயசுப் பிள்ளை.

அன்றைக்கு நல்ல சாரல். அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. கடையில் நிற்க இடமில்லை. உவைஸ் போன் வந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"அம்மா... வேல்விழி சீட்டுலயே சாஞ்சிட்டாம்மா."

அவன் குரல் உடைந்திருந்தது. என் காதில் விழுந்தது நான் காத்திருந்த வார்த்தை. அவளே உட்கார்ந்துவிட்டாள், சாய்ந்துவிட்டாள், சீட்டு முடிந்துவிட்டது. இந்தப் பையன் சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

"நல்லா சாயட்டும்லே! பின்னாடி முட்டி இடிச்சுதா?"

அந்தப் பக்கம் அழுகைதான் வந்தது.

"ஏலே, அழாத. உன் உழைப்பும் இருக்குல்லா அதுல. அவ எங்க, அவகிட்டக் குடு."

"அம்மா, நான் சொல்லுதது..." என்று ஏதோ சொன்னான். அதற்குள் ஒரு கூட்டம் துண்டு கேட்டு நெரித்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

குழல்வாய்மொழியிடம், "ஏட்டி, என் மவ சாஞ்சிட்டா!" என்று கூவினேன். அவளும் கையைத் தட்டினாள். அவள் கடையில் சுடச்சுட இருந்த சிப்ஸை மொத்தமாக வாங்கினேன். கடைக்கு வந்தவர்கள், போனவர்கள், ஈரத்தலையோடு நின்ற பிள்ளைகள் எல்லாருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "என் மவ சீட்டு முடிஞ்சுட்டு. இனி ரயில்ல ஒருத்தருக்கும் முட்டி இடிக்காது."

போன் மறுபடியும் மறுபடியும் அடித்திருக்கிறது. கல்லாப்பெட்டிக்குள் கிடந்தது, கேட்கவில்லை.

நல்லக்கண்ணு வந்தார். மேலகரம் வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்திருக்கிறார். காலில் செருப்பில்லை. சாரலில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. செய்தி கேட்டுத்தான் ஓடிவந்திருக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கை நிறைய சிப்ஸை எடுத்து, "வாயத் திறங்க" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"என்னங்க, உங்களுக்கும் சொல்லிட்டானா? சாஞ்சிட்டாளாம்லா!"

"சங்கரி" என்றார். "கடைய அடை."

தலைக்குள் ஏதோ ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். அன்றைக்குக் காலையில் எல்லாம் சரியாகி, அவளே முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பொத்தானை அமுக்கிச் சாய்ந்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள், விளையாடுகிறாள் என்று நினைத்தோம் என்றான் உவைஸ் பிற்பாடு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். நான் ஊருக்கெல்லாம் சிப்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் பிள்ளை இல்லை.

அதற்கடுத்த சீசனுக்கு நான் கடையைத் திறக்கவில்லை. எண்ணெயில் காய் பொரிகிற வாசனை வந்தால் குமட்டுகிறது. குழல்வாய்மொழி வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள். அவளுக்கும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, எனக்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்படி இருக்கிறவளைப் பார்த்துத்தான் இந்த உவைஸ் டிக்கெட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"நிறைய பேரு உக்காந்து பாத்துட்டாங்கம்மா" என்றான். "எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லுதாங்க. எனக்கு நம்பிக்கை வரல. ஏதாவது குறை இருக்கும். சொல்லத்தான் ஆளில்ல."

நான் டிக்கெட்டை அவன் பக்கமாகத் தள்ளினேன்.

"அவ இருந்தா உங்களத்தான் கூட்டிட்டுப் போயிருப்பா."

நல்லக்கண்ணு எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, என் காலடியில் வைத்தார். நாற்பது வருஷத்தில் ஒருநாளாவது நான் அவர் செருப்பை எடுத்து வைத்திருக்கிறேனா, அவர் என் செருப்பை எடுத்து வைத்திருக்கிறாரா? அந்த மனுஷன் குனிந்து வைத்ததைப் பார்த்ததும் காலை அதில் நுழைத்துவிட்டேன்.

"குறை சொல்லத்தான் வாரேன்" என்றேன் உவைஸிடம். "நல்லாருக்குன்னு என் வாயில இருந்து ஒரு சொல்லு எதிர்பாக்காத."

மறுநாள் தென்காசி ஸ்டேஷனில் ஏறினோம். ஜன்னலோர சீட்டு எனக்கு, பக்கத்தில் உவைஸ். நீலத் துணி போட்ட சீட்டு. அவளுக்கு நீலம் பிடிக்கும். நான் கையால் தொடாமலே கொஞ்ச நேரம் நின்றேன். "உக்காருங்கம்மா, வண்டி எடுக்கப் போறான்" என்றான்.

உட்கார்ந்தேன். முதலில் இடுப்பைத்தான் கவனித்தேன். துண்டைச் சுருட்டி அவள் வைத்த அதே இடத்தில் அதே மேடு. இங்கனயா, கொஞ்சம் கீழயா என்று அவள் கேட்டது காதுக்குள்ளேயே கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் வந்தது குறை சொல்ல.

பொத்தானை அமுக்கினேன். மெத்தை மெதுவாக முன்னால் நகர்ந்தது. கால் தொங்கும் என்று பார்த்தேன். மெத்தையின் முன்விளிம்பு தாழ்ந்து கொடுத்தது; இரண்டு பாதமும் தரையிலேயே இருந்தன. எந்த ரயிலிலும் என் பாதம் இப்படித் தரையில் பதிந்ததில்லை.

சவம், முட்டி இடிக்காமலா இருக்கும்? திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் போலீஸ் கிராப்பு வெட்டிய பையன் ஒருவன். காலிரண்டும் தென்னமட்டை நீளம். அவன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, முட்டி இடிக்குதா?"

"எதுக்கும்மா இடிக்கணும்?"

"நான் சாஞ்சிருக்கேன்லா."

அவன் எட்டிப் பார்த்தான். "சாஞ்சிட்டீங்களா? எனக்குத் தெரியவே இல்லையே!"

எனக்கும்தான் தெரியவில்லை. என் பிள்ளை சாய்ந்தது எனக்குத் தெரியவே இல்லை. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. மேடு இடுப்பில் அவள் கை மாதிரியே இருந்தது.

வண்டி கடையநல்லூரில் நின்று கிளம்பியதும், உவைஸ் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான்.

"ஏதாவது குறை இருக்காம்மா?"

"இருக்கு" என்றேன். "அவளைக் கூப்பிடு. அவகிட்டதான் சொல்லுவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. உவைஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பின்னால் இருந்த பையன், "என்னம்மா, சீட்டு நிமிர மாட்டேங்குதா?" என்று கேட்டான்.

"ஆமாப்பா" என்றேன்.