ஏழாம் எண் வெர்னியர்

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் சுழிப்பிழை. என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு மாடிப்படியில் கத்துவார்கள்: "ஏய், சுழிப்பிழை வருதுடி!" எனக்குக் கோபம் வந்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் ஆய்வகத்தில் நின்று நானும் அதைத்தானே கத்துகிறேன். நுண்ணளவு எடுக்கும் வெர்னியரைக் கையில் எடுத்தால் முதல் வேலை, இரண்டு தாடைகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. நடுவில் ஒன்றுமே இல்லாதபோது கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதுதான் சுழிப்பிழை. அதைக் குறித்துக்கொண்டு விடையில் சரிசெய்யாதவள் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் என்னிடம் மதிப்பெண் வாங்கிவிட முடியாது.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்தக் கதைதான் இது.

என் அக்கா தையல்காரி. அம்மா போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முன்னறை முழுக்க அவளுடைய தையல் மிஷின், துணி மூட்டைகள், சுவரோரம் ஒரு ஆளுயரக் கண்ணாடி. அளவெடுப்பதில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிறவளின் இடுப்பில் டேப்பைச் சுற்றி, விரலால் ஒரு மடிப்பு பிடித்துக்கொண்டு, உண்மையான அளவில் ஓர் அங்குலம் குறைத்து உரக்கச் சொல்வாள். கேட்டவளுக்கு முகம் மலர்ந்துவிடும். ஆனால் அளவு நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதி, அந்த அளவுக்குத்தான் துணியை வெட்டுவாள்.

"இது ஏமாத்து வேலைக்கா" என்று ஒருமுறை சண்டை போட்டேன்.

"சொல்ற அளவு வேற, வெட்டுற அளவு வேறடி. சட்டை சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன? மனுஷி சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டுமே" என்றாள். என் படிப்புக்கு அவள் பதில் எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

போன வருடக் கடைசியில் அவளுடைய கழுத்தின் வலப்பக்கம், காதுக்குக் கீழே, ஒரு கட்டி வந்தது. மருத்துவமனையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, கெட்ட கட்டிதான் என்றார்கள். டாக்டர் பொறுமையானவர். எங்கள் இருவரையும் உட்காரவைத்து விவரமாகச் சொன்னார். "முதல்ல எட்டு வாரம் மாத்திரை. கட்டி சுருங்கினா அதையே தொடரலாம். வளந்தா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுத்தான் அறுத்து எடுக்க முடியும். இப்பவே ஸ்கேனுக்கு முறை போட்டு வைங்க, ஒன்பதாவது வாரம் வரும். ஆனா ஒண்ணு, மூணு சென்டிமீட்டர் தாண்டிருச்சுன்னா கத்தி வைக்க முடியாது. பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய் ஓடுது."

"அறுத்தா வேற ஏதாவது தொந்தரவு வருமா?" என்று அக்கா கேட்டாள்.

"தோளுக்குப் போற நரம்பு அங்கதான் இருக்கு. வலது கையைத் தூக்க முடியாமப் போக வாய்ப்பிருக்கு. உறுதியாச் சொல்ல முடியாது."

அக்கா தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் அப்போது எனக்கு வேறு கோபம். டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கோலிக்குண்டு அளவு" என்று சீட்டில் எழுதியிருந்தார். கோலிக்குண்டு ஓர் அலகா? எந்தக் கோலிக்குண்டு? அடுத்த மாதம் வேறொரு டாக்டர் வந்து அதையே சுண்டைக்காய் என்று எழுதினால் வளர்ந்ததா சுருங்கியதா என்று யார் சொல்வது? "நானே அளந்து கொண்டுவரேன் டாக்டர்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

மறுநாளே ஆய்வகத்தில் வெர்னியர் கேட்டேன். எங்கள் ஆய்வக உதவியாளரைப் பிள்ளைகள் கொத்துச்சாவி என்பார்கள். இடுப்பில் பதினெட்டு சாவி தொங்கும். வருவதற்கு முன் சத்தம் வரும். "வீட்டுக்கா டீச்சர்? ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்குங்க" என்று அலமாரியைத் திறந்துவிட்டார். பத்து வெர்னியரில் ஏழாம் எண்தான் உத்தமம். அதன் முதுகில் என் கையாலேயே ஒட்டிய சீட்டு இருந்தது: 'சுழிப்பிழை இல்லை'.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அளவெடுப்பு என்று முடிவானது. ஜன்னலோரம் அக்காவை உட்காரவைத்து, தாடைகளை அகலமாகத் திறந்து, கட்டியின் மேல் தொட்டும் தொடாமலும் மூடிக்கொண்டு வருவேன். தசை இரும்புக் குண்டல்ல, அழுத்தினால் குறையும். அதனால் ஐந்து முறை அளந்து சராசரி எடுப்பேன். முதல் ஞாயிறு 2.41 சென்டிமீட்டர். எப்படிப் படிப்பது என்று அக்கா கேட்டாள். மேலே மில்லிமீட்டர் கோடுகள், கீழே நகரும் தகட்டில் பத்துக் கோடுகள், கீழ்க்கோட்டில் எது மேல்கோட்டோடு நேராக ஒட்டுகிறதோ அதுதான் கடைசி இலக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"இவ்வளவுதானா? டேப்பு மாதிரித்தானே" என்றாள். வெர்னியரைத் தையல் மிஷின் இழுப்பறையில் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் அவளே முன்வந்தாள்.

இரண்டாம் வாரமும் 2.41. மூன்றாம் வாரம் 2.40. மறுபடி ஐந்து முறை அளந்தேன், அதேதான். பிறகு 2.39, 2.38. வாழ்க்கையில் நான் கடவுளை நம்பியதில்லை. அந்த வாரங்களில் நூறில் ஒரு பங்கு சென்டிமீட்டரை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நான் பாட்டு முணுமுணுத்திருக்கிறேன். அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே, "ஐயோ, மழை வந்துரப் போகுது" என்று கிண்டல் செய்தாள். எனக்காகப் புதிதாக இரண்டு சட்டைக்குத் துணியும் வெட்ட ஆரம்பித்திருந்தாள்.

ஆறாம் வாரம் 2.37. அட்டவணையைக் கட்டம் போட்டு, வரைபடம் வரைந்து, டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். "விரலுக்கு ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியாது டீச்சர். உங்க அட்டவணைதான் தெளிவா இருக்கு. சீராக் குறையுது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "உங்க ஸ்கேன் முறையை விட்டுக் குடுக்க முடியுமா? இருக்கிறது ஒரே மிஷின். இன்னொரு அம்மாவுக்கு ரொம்ப அவசரம்."

அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "குடுத்துரலாம்டி, பாவம்" என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். போடும்போது ஒரு நல்ல காரியம் செய்கிற திமிர்கூட இருந்தது.

எட்டாம் ஞாயிறு 2.34. அடுத்த நாள் வெர்னியரை ஆய்வகத்தில் திருப்பிக் கொடுத்தேன், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை செய்முறைத் தேர்வு.

தேர்வில் கொடுப்பது வருடம் தவறாமல் அதே இரும்புக் குண்டு, விட்டம் 1.90. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அளக்காமலே 1.90 எழுதி, பின்னாலிருந்து கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்பிவிடுவார்கள். அன்றைக்கும் ஒன்பது தாள் 1.90. ஒரே ஒரு பெண் மட்டும் 1.63 என்று எழுதியிருந்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "குண்டு என்ன பட்டினி கிடந்து இளைச்சுப் போச்சா? சுழிப்பிழை பாத்தியா?"

"லேபிள்ல இல்லைன்னு போட்டிருக்கு டீச்சர்" என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது, ஆனால் விடையை மாற்றவில்லை.

அவள் கையிலிருந்து வெர்னியரைப் பிடுங்கித் தாடைகளைச் சேர்த்தேன். பூஜ்யம் பூஜ்யத்தோடு சேரவில்லை. கீழ்த்தகட்டின் பூஜ்யம் இடப்பக்கம் தள்ளி, கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் பின்னால் நின்றது. 0.27 குறைவு. திருப்பிப் பார்த்தேன், ஏழாம் எண். தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டித் திருகுகளின் தலையும் புதிதாகக் கீறி மின்னின. மூக்கருகே கொண்டுபோனேன். மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

எட்டு ஞாயிறும் நான் ஒருமுறைகூடத் தாடைகளைச் சேர்த்துப் பார்க்கவில்லை. சீட்டில் இருந்தது என் கையெழுத்து அல்லவா, அதை எதற்குச் சோதிப்பது?

"என்ன டீச்சர், முகமெல்லாம் வேர்க்குது?" என்றார் கொத்துச்சாவி. அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போடச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நான் நேராகப் போய்த் தையல் மிஷின் இழுப்பறையை இழுத்தேன். சின்னத் திருப்புளி மேலேயே கிடந்தது. அதன் கீழே அளவு நோட்டு. கடைசிப் பக்கத்தில் பெயர் இல்லை, 'கழுத்து' என்று மட்டும் எழுதியிருந்தது. அதன் கீழே எட்டு வரி: 2.41, 2.43, 2.45, 2.48, 2.51, 2.54, 2.57, 2.61. முதல் வரிக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி, மற்ற ஏழுக்கும் சனிக்கிழமைத் தேதி. எந்த எண்ணிலும் அடித்தல் திருத்தல் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பிள்ளையும் இவ்வளவு சுத்தமான அட்டவணையை என்னிடம் நீட்டியதில்லை.

"கண்ணாடியில பாத்து நானே அளப்பேன்" என்றாள் அக்கா, ஊசியை விடாமல். "அப்புறம் திருகை இளக்கி, நீ படிக்கும்போது போன வாரத்தைவிட ஒரு கோடு கம்மியா வர்ற மாதிரி நகத்தி வச்சுருவேன்."

"ஏன்க்கா?"

"வளந்துச்சுன்னு தெரிஞ்சா நீ அன்னைக்கே என்னை இழுத்துட்டுப் போய் படுக்க வச்சிருப்பே. கை போயிரும்டி. கை இல்லாம இந்த ரூம்ல நான் என்ன பண்ணுவேன், சுவத்தைப் பாத்துட்டு இருக்கவா?" நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை நீ சிரிக்கவும் செஞ்சே. எனக்கு நிறுத்தத் தோணல" என்றாள்.

"கையெழுத்துப் போட்டேனேக்கா, பக்கத்துலதானே உக்காந்திருந்தே!"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நோட்டைச் சுவரில் விட்டெறிந்தேன். கத்தினேன், அழுதேன். அவள் எழுந்துபோய் நோட்டை எடுத்து, மடங்கிய பக்கத்தை நீவி, மறுபடி இழுப்பறையில் வைத்தாள்.

மறுநாள் அந்த உண்மை அட்டவணையோடு மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். யாரையும் குறை சொல்லவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. ஸ்கேன் அறைக்குப் போன் செய்தார். பக்கத்து ஊருக்கும் செய்தார், அங்கே ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். இங்கே முறை கொடுக்கிற ஜன்னலில் இருந்தவர் பேரேட்டைப் புரட்டி, "இன்னையிலேருந்து பதினேழாவது வாரம்மா. உங்க பழைய முறையில நேத்தே இன்னொரு அம்மாவுக்கு எடுத்து முடிச்சாச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தாளில் எட்டுப் புள்ளிகளை வைத்தேன். கோடு வளைந்து மேலே ஏறியது. என் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த முறைதான், கோட்டை அதன் போக்கிலேயே நீட்டு, எங்கே வெட்டுகிறது பார். இன்றிலிருந்து ஒன்பதாவது வாரத்தில் மூன்று சென்டிமீட்டரை வெட்டியது, ஸ்கேனோ பதினேழாவது வாரம். பென்சிலைச் சீவி மறுபடி வரைந்தேன், மறுபடியும் ஒன்பது. எங்கேயாவது தவறு இருக்காதா என்று தேடினேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பிழை வேண்டும் என்று தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, ஆய்வகத்திலிருந்து மறுபடி வாங்கி வந்திருந்த ஏழாம் எண் வெர்னியரை எடுத்தேன். திருகுகளை நானே சரிசெய்திருந்தேன். தாடைகளைச் சேர்த்தேன், பூஜ்யம். அக்காவின் கழுத்தில் வைத்து ஐந்து முறை அளந்தேன். 2.66. வரைபடம் சொன்னதைவிடவும் ஒரு கோடு அதிகம். அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். சொன்னேன். எழுதினாள்.

"தலைக்கு மேல வெள்ளம். இதுல சாண் என்ன, முழம் என்ன" என்று நோட்டை மூடிவிட்டு, டேப்பை எடுத்தாள். "வந்து நில்லு. உன் சட்டையை முடிச்சுரணும்."

கண்ணாடி முன்னால் நின்றேன். அவள் என் தோளை அளந்தாள், மார்பை, இடுப்பை அளந்தாள். தன் வலது கையைத் தூக்கும்போது லேசாக முகம் சுளித்தாள். இடுப்பு அளவை எனக்குச் சொல்லவில்லை. தைத்து முடித்திருந்த முதல் சட்டையைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டினாள். வழக்கமாக அரை அங்குலம் விடுகிற மடிப்பில் இரண்டரை அங்குலம் துணி விட்டிருந்தாள்.

"இனிமே நீ குண்டானாலும் கவலை இல்ல, பிரிச்சு விட்டுக்கலாம். ஒரு பத்து வருஷத்துக்குத் தாங்கும்" என்றாள். "இதோ, இந்த நூலை மட்டும் வெட்டணும். வெட்டிட்டு இந்த மேல் கோட்டுல தைச்சுக்கணும். பிரிக்கத் தெரியும்ல?"

எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. அது அவளுக்கும் தெரியும்.

"தெரியும்க்கா" என்றேன்.